செய்ததை அறிதல்: கனிவு, கொடை, நன்றி பற்றி ஓர் எளிய விளக்கம்

'செய்ந்நன்றி அறிதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'நன்றி' என்பதற்குப் பழைய பொருள் நன்மை. ஒருவர் நமக்குச் செய்த நன்மை செய்ந்நன்றி. அதை அறிவது செய்ந்நன்றி அறிதல். வாய்விட்டுச் சொல்வதும் பதிலுக்குச் செய்வதும் அதற்குப் பிறகு வருபவை. முதலில் அது நம் கண்ணில் பட வேண்டும்.

கனிவுக்கும் கொடைக்கும் கூட இதுதான் அடிப்படை. பெரும்பாலோரிடம் நல்ல மனம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தேவை என்பதுதான் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், என்ன செய்வது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தயங்கி நின்றுவிடுகிறோம். இரண்டையும் பழகிச் சரிசெய்துவிடலாம். ஆகவே இந்தக் கட்டுரையில் மனசைப் பற்றிப் பேச்சு குறைவு, செய்முறை அதிகம்.

மூன்று சொற்களையும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எதிரில் இருப்பவரின் நிலையைப் பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்வது கனிவு. நம்மிடம் இருப்பதில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது கொடை. அது பணமாகவும் இருக்கலாம், நேரம், திறமை, கவனம், கிடைத்த பெருமை என எதுவாகவும் இருக்கலாம். மற்றவர் நமக்குச் செய்ததை உணர்ந்து, அதை அவருக்குத் தெரியப்படுத்துவது நன்றி.

அவசரம் கண்ணை மறைக்கும்

1973-இல் ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஓர் உரை நிகழ்த்தச் சொன்னார்கள். போகும் வழியில் ஓர் ஆள் வாசற்படியில் சரிந்து, இருமிக்கொண்டு முனகியபடி கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். மாணவர்களுக்கு அது தெரியாது. நிறைய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். அந்த மாணவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை! தலைப்பால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் வரவில்லை. கையில் நேரம் இருந்ததா, இல்லையா என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது.

கனிவாக நடக்க விரும்புகிறவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் தன் கால அட்டவணைதான் என்பது இதிலிருந்து தெரிகிறது. அரை மணி நேரப் பயணத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே பத்து நிமிடம் விடுங்கள். மாடிப்படியில் பையைத் தூக்கமுடியாமல் நிற்கும் பெரியவர் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உங்கள் கண்ணில் படுவார்.

இன்னொரு தடை, கூட்டம். டார்லியும் பிப் லதானேயும் 1968-இல் வெளியிட்ட சோதனையில், தனித்தனி அறைகளில் இருந்தவர்களுக்கு, ஒருவருக்கு வலிப்பு வரும் சத்தம் இன்டர்காம் வழியாகக் கேட்டது. தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேரே எழுந்தார்கள். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. இதற்கு மருந்து எளியது. உதவி செய்கிறவராக இருந்தால், வேறு யாரும் இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் அடியை எடுத்து வையுங்கள். உதவி தேவைப்படுகிறவராக இருந்தால் "யாராவது வாங்களேன்" என்று பொதுவாகக் கூவாமல் ஒருவரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: "நீலச் சட்டை போட்ட தம்பி, கொஞ்சம் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுப்பா."

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க"

நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டு, பெரும்பாலும் எந்தப் பயனும் தராமல் போகும் வாக்கியம் இது. சொல்கிறவர் மனதார சொல்கிறார். ஆனால் கேட்கிறவருக்கு அது புதிதாக ஒரு வேலையைக் கொடுக்கிறது. என்ன கேட்கலாம், எவ்வளவு கேட்டால் அதிகம், எப்போது கேட்பது, மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவரே யோசிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இதையெல்லாம் யோசிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? அவர் "சரிங்க" என்பார், கூப்பிடவே மாட்டார்.

உதவுகிறேன் என்று சொல்வதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: என்ன வேலை, எந்த நேரம், வேண்டாம் என்று சொல்ல ஒரு சுலபமான வழி. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன். உங்க பையனையும் கூட்டிட்டு வந்துடறேன். நீங்க வர்ற வரைக்கும் எங்க வீட்டுலயே இருந்து ஹோம்வொர்க் எழுதட்டும். வேற ஏற்பாடு இருந்தா ஒரு மெசேஜ் மட்டும் போடுங்க."

இதற்கு அவர் "சரிம்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். வேண்டாம் என்றாலும் அவருக்குச் சங்கடம் இல்லை. "எப்படியும் போறேன்" என்ற சிறு குறிப்பு ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. தனக்காக ஒருவர் அலைகிறாரே என்ற கூச்சம் அவருக்குக் குறையும். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

துக்கத்தில் இருப்பவருக்கு உதவும்போது நாள் கணக்கையும் பார்க்க வேண்டும். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். விண்ணப்பங்கள், வங்கி வேலைகள், தனிமை எல்லாம் அப்போதுதான் வந்து சூழும். காலண்டரில் மூன்றாவது வாரத்தைக் குறித்துவைத்து அன்று போன் செய்கிறவர், முதல் நாள் வந்த ஐம்பது பேரைவிடக் கூடுதலாகப் பயன்படுவார்.

சிலருக்குத் தேவை, கேட்கும் காது மட்டும்தான். எது வேண்டும் என்று தெரியாவிட்டால் நேரடியாகவே கேட்டுவிடலாம்: "இப்ப நான் சும்மா கேட்டுட்டு இருக்கட்டுமா, இல்ல என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிக்கலாமா?" கேட்காமல் யோசனை சொல்லத் தொடங்குவது கனிவில் நேரும் பொதுவான தவறு. நம் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளத்தான் பல நேரம் யோசனை சொல்கிறோம்.

ஒரு நாளில் ஐந்து

பழக்கமாக்க நினைப்பவர்களுக்கு ஒரு சோதனையின் முடிவு உதவும். சோன்யா லுபோமிர்ஸ்கியும் அவரது சகாக்களும் 2005-இல் விவரித்த ஆய்வில், மாணவர்கள் 6 வாரங்கள் வாரத்துக்கு ஐந்து நல்ல செயல்களைச் செய்தார்கள். ஒரு குழு ஐந்தையும் ஒரே நாளில் செய்தது. இன்னொரு குழு வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தது. மகிழ்ச்சி கூடியது ஒரே நாளில் செய்த குழுவுக்குத்தான். தினம் ஒன்று என்று செய்தால் அது வழக்கமான நடத்தையோடு கரைந்து போய்விடுகிறது, செய்தோம் என்பதே மனதில் நிற்பதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆகவே வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐந்தும் ஐந்து விதமாக இருக்கட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் போய்ப் பேசுவது. வரிசையில் அவசரமாக நிற்பவருக்கு இடம் விடுவது. நெடுநாள் பேசாத அத்தைக்குப் போன். நண்பரின் விண்ணப்பக் கடிதத்தைப் படித்துத் திருத்திக் கொடுப்பது. கூட்டத்தில் "இந்த யோசனை அவங்களோடது" என்று பெயர் சொல்லிப் பேசுவது. கடைசியாகச் சொன்னது கொடையிலேயே உயர்ந்த வகை என்று தயங்காமல் சொல்லலாம். பெருமையைப் பங்கிட்டுக் கொடுப்பதற்குப் பணம் கொடுப்பதைவிட அதிக மனம் வேண்டும்.

கொடுக்கும்போது எங்கே பிசகுகிறது

கைமாற்றில் முறிந்த நட்புகள் ஏராளம். பணம் போனதைவிட, அது கடனா கொடையா என்று இருவரும் வெவ்வேறாக நினைத்துக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணம். கொடுக்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இது திரும்பி வராவிட்டால் அவரிடம் பழையபடி பேசுவேனா? ஆம் என்றால் கொடையாகவே கொடுத்து, அதைச் சொல்லியும் விடுங்கள். இல்லை என்றால் தொகையைக் குறையுங்கள், அல்லது திருப்பித் தரும் தேதியையும் தவணையையும் அப்போதே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது சந்தேகத்தால் செய்வதல்ல. ஆறு மாதம் கழித்து இருவர் நினைவும் ஒத்துப்போவதற்காகச் செய்வது.

பொருளாகக் கொடுக்கும்போது, வாங்குகிறவருக்கு அது தேவையா, நம் வீட்டில் இடம் காலியாவதற்காகக் கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பேரிடர் நடந்த இடங்களில் கிழிந்த, பருவத்துக்குப் பொருந்தாத துணிகள் மலைபோல் குவிந்து, அவற்றைப் பிரிப்பதற்கே ஆட்களும் இடமும் தேவைப்பட்டு, மருந்தும் தண்ணீரும் போய்ச் சேர்வது தாமதமாகிறது. நாளைக்கு நீங்களே உடுத்துவீர்களா என்று பாருங்கள். பேரிடருக்கு, நம்பகமான அமைப்புக்குப் பணமாகக் கொடுப்பதே பெரும்பாலும் அதிகப் பயன் தரும். அங்கே எது தேவையோ அதை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

வாங்குகிறவரின் முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உதவி தேவைப்பட்ட நிலையில் ஒருவரால் "படம் வேண்டாம்" என்று மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே ஆகாது.

கொடுப்பதற்கு ஓர் எல்லையும் தேவை. நேரத்தைக் கொடுத்தபின் மனதில் புகைச்சல் வந்தால், அளவு மீறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் உட்காரலாம்" என்பதும் கனிவான பதில்தான். முடியாததை ஒப்புக்கொண்டு கடைசி நாளில் கைவிடுவது, முதலிலேயே மறுப்பதைவிட அதிகத் தீங்கு செய்யும்.

நன்றிக்குள் என்ன இருக்கிறது

ஒருவர் செய்ததை நன்றியோடு நினைக்க மூன்று விஷயங்கள் மனதில் பட வேண்டும் என்று உளவியல் சொல்கிறது. அதனால் நமக்கு என்ன பயன்? அவருக்கு அதில் எவ்வளவு செலவு: நேரமா, பணமா, அலைச்சலா? வேண்டுமென்றே நமக்காகச் செய்தாரா? இந்த மூன்றும் தெரியும்போதுதான் நன்றி வருகிறது. நன்றி சொல்லும்போதும் இந்த மூன்றையும் சொன்னால், வார்த்தைக்குக் கனம் கிடைக்கிறது.

அலுவலகத்தில் ஒருவர் உங்கள் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்பது மரியாதை, அதோடு முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், நேத்து நீங்க கிளம்பற நேரத்துல உட்கார்ந்து அந்த மூணாவது பக்கத்தைப் பார்த்தீங்க. கூட்டல் தப்பா இருந்ததை நீங்க பிடிச்சதாலதான் இன்னிக்கு மீட்டிங்ல தலை நிமிர்ந்து பேச முடிஞ்சது. யார் சொல்லாமலும் இவ்வளவு நுணுக்கமா பார்க்கறது உங்க குணம் சார்."

எப்போது, என்ன, அதனால் என்ன ஆனது, அவர் எப்படிப்பட்டவர் என்று நான்கும் இதில் வந்துவிட்டன. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நமக்குக் கிடைத்ததை மட்டும் பேசும் நன்றியைவிட, செய்தவரின் குணத்தையும் தொட்டுப் பேசும் நன்றி அவரை அதிகம் நெகிழச் செய்கிறது.

இதன் பலன் வெறும் உபசாரத்தோடு நிற்பதில்லை. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாணவரின் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தவர்களிடம் மீண்டும் உதவி கேட்கப்பட்டது. நன்றி ஏதும் சொல்லாமல் கேட்டபோது 32 சதவீதம் பேர் உதவினார்கள். நன்றி தெரிவித்துக் கேட்டபோது 66 சதவீதம் பேர். தன் உதவிக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததே காரணம் என்று கண்டார்கள்.

அதற்காக நன்றியோடு கோரிக்கையைக் கோத்துவிடாதீர்கள். "நீங்க செஞ்சது மறக்கவே முடியாது, அப்புறம் இன்னொரு விஷயம்..." என்று தொடங்கினால், முன்பாதி முழுக்கப் பீடிகையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள்.

நன்றியை வாங்கிக்கொள்வதிலும் தவறுகிறோம். "ஐயோ, இதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க" என்று அடக்கத்தோடு சொல்கிறோம். சொன்னவர் தேடித் தேர்ந்த சொற்கள் கீழே விழுந்துவிடுகின்றன. "உங்களுக்குப் பயன்பட்டதுல ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னால் போதும்.

நன்றி வேறு, கடன் வேறு

'நன்றிக்கடன்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்துச் சொல்கிறோம். உணர்வில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. உதவியவர் பதிலுக்கு ஏதோ எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, கடன்பட்ட உணர்வு கூடும், நன்றி குறையும் என்று 2006-இல் பிலிப் வாட்கின்ஸ் குழுவினரின் ஆய்வு காட்டியது. கடன்பட்டவர் செய்தவரைக் கண்டால் ஒதுங்கிப் போவார். நன்றியுள்ளவர் நெருங்கி வருவார். எனவே உதவியை நினைவுபடுத்திக் காட்டுவது, அந்த உதவியைத் தானே அழிப்பது போல.

மறுபக்கமும் இருக்கிறது. "இவ்வளவு செஞ்சிருக்கேன், நன்றி வேண்டாமா" என்று சொல்லி ஒருவரை வாயடைக்கச் செய்வது நன்றியைக் கயிறாக்குவது. வேலைக்கு உரிய ஊதியத்தைக் கேட்பதும், தவறாக நடத்தப்பட்டால் எதிர்த்துப் பேசுவதும் நன்றிகெட்ட செயல்கள் ஆகா. நன்றியையும் நியாயத்தையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேடு

இரவில் மூன்று நல்ல விஷயங்களை எழுதும் பயிற்சி பலருக்குத் தெரிந்ததே. மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதை ஒரு வாரம் செய்யச் சொன்னார்கள். அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது ஏன் நடந்தது?' என்றும் எழுத வேண்டும். 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று தினமும் ஒரே மூன்றை எழுதுகிறவருக்கு நான்காம் நாளே அலுத்துவிடும். 'மழையில் நனைந்து வந்தேன், தம்பி கேட்காமலேயே துண்டை எடுத்து வந்தான். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்' என்று எழுதினால் அதில் ஒரு ஆள் இருக்கிறார், ஒரு காரணம் இருக்கிறது.

ஒரு வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை போதும். லுபோமிர்ஸ்கி குழுவினரின் இன்னொரு சோதனையில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. மனம் எதற்கும் பழகிப்போகும். அதிகம் எழுதினால் அது சடங்காகிவிடும்.

இதை மனச்சோர்வுக்கு மருந்தாக யாராவது பரிந்துரைத்தால் நம்ப வேண்டாம். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறியதே என்று கண்டது. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளிடம் "தேங்க்ஸ் சொல்லு, சொல்லு" என்று நெருக்குவதால் சொல் மட்டும் வரும். "இந்தப் புத்தகம் உனக்குப் பிடிக்கும்னு மாமாவுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? தேடி வாங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று கேட்டால், மேலே சொன்ன பயன், செலவு, எண்ணம் மூன்றையும் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும்.

தாமதமான நன்றி

பல வருடம் கழித்து நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கும். அவருக்கு நினைவிருக்குமோ, என்ன நினைப்பாரோ என்று தோன்றும். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைத்தான் அளந்தது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்த அளவுக்குப் பெற்றவர்களுக்குச் சங்கடம் இல்லை. எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அவர்கள் மகிழ்ந்தார்கள். எழுதியவர்கள் தங்கள் மொழிநடையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். பெற்றவர்களோ அதில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்கள்.

எழுத 15 நிமிடம் போதும். தாமதத்துக்கு ஒரே வாக்கியம் ஒதுக்குங்கள்; அரைப் பக்கம் மன்னிப்புக் கேட்டால், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். கோரிக்கை எதையும் சேர்க்காதீர்கள். இந்த அளவு இருந்தாலே நிறைவான கடிதம்:

"டீச்சர், வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவி நான். இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறியபோது, நீங்கள் பேப்பரை வகுப்பில் எல்லோர் முன்பும் தராமல், மதிய இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். பிறகு இரண்டு மாதம், உங்கள் இடைவேளையில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள். இன்று கணக்கு தொடர்பான வேலையில்தான் இருக்கிறேன். என் கீழ் வேலை செய்கிறவர்கள் தவறு செய்தால், தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்கிறேன். அது உங்களிடம் கற்றது."

நேரில் போய் வாசிக்க முடிந்தால் மிக நல்லது; போனிலும் வாசிக்கலாம். முடியாவிட்டால் எழுதிய கையோடு அனுப்பிவிடுங்கள். காலையில் இன்னொரு முறை படித்துத் திருத்தலாம் என்று வைத்த கடிதங்கள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்துவிடுகின்றன.